இடது பக்கமே திரும்பி நின்ற வண்டி

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த வண்டி இன்னும் எங்கள் வீட்டு ஷெட்டில்தான் நிற்கிறது. சீட்டைக் கழற்றி, சட்டத்தின் பின்பக்கம் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். வெட்டி, ஒட்டி, மறுபடி வெட்டிய தழும்பு தட்டுப்படும். முதல் வெட்டு நான் வெட்டியதில்லை. எனக்கு வேறு சாட்சி கிடையாது.

என் பெயர் நார்ம் திபோ. லூயிஸ்டன் நகரசபையில் ரோட்டில் பனி தள்ளுகிற லாரி ஓட்டுகிறேன். விடியாத இருட்டில் தனியாகச் சுற்றுகிற பிழைப்பு. பேய் பிசாசு என்று பயந்தால் சோறு கிடைக்காது. அன்றைக்குக் குடித்திருந்தாயா என்று கேட்காதீர்கள். வெறும் காபிதான்.

அந்த வருஷம் அக்டோபரில் என் மாமியார் போய்ச் சேர்ந்தார். என் மனைவி டெனிஸ் அழுது தீர்த்துவிட்டாள். அவள் தம்பி ரெமி அழவே இல்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைத் தூக்கி, குளிப்பாட்டி, வாயில் ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். அடக்கம் முடிந்த மறுநாள் எங்கள் வீட்டு சோபாவில் வந்து படுத்தான். படுத்தவன் எழுந்திருக்கவில்லை. டிவி ஒரு பக்கம் ஓடும். அவன் சுவரைப் பார்த்துக் கிடப்பான். வேலை போனது. தாடி வளர்ந்தது.

ஒரு நாள் காலையில் டெனிஸ் வீட்டிலிருந்த மாத்திரை டப்பாக்களை எல்லாம் எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அவனை எழுப்பியது ஒரு விளம்பரம். பழைய 750 சிசி ரேஸ் பைக், சபாட்டஸ் ஊரில், அடிமாட்டு விலைக்கு.

"மச்சான், இத ஸ்ட்ரீட்ஃபைட்டரா மாத்தினா எப்படி இருக்கும்?" என்றான்.

இரண்டு மாதத்தில் அவனாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி. ரேஸ் வண்டியின் பிளாஸ்டிக் உடம்பை உரித்துப் போட்டு, தாழ்ந்த ஹேண்டிலுக்குப் பதில் உயரமாக, அகலமாக ஒன்றை மாட்டி, வாலை நறுக்கி, எஞ்சினும் எலும்பும் தெரிய முரட்டுத்தனமாக நிறுத்துவதுதான் ஸ்ட்ரீட்ஃபைட்டர். காசிருப்பவன் அதைக் கடையில் வாங்குவான். எங்களைப் போன்றவன் ஷெட்டில் ரம்பத்தை எடுப்பான்.

"சூப்பரா இருக்கும் மாப்ள, கிளம்பு" என்றேன். எனக்கு முதுகு வலி. வெளியே முழங்காலளவு பனி. இருந்தும் கிளம்பிவிட்டேன்.

விற்றவர் பெயர் ஆர்மாண்ட் லவோயி. எழுபது வயதிருக்கும். ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஷெட்டில் வண்டி கடையிலிருந்து நேற்று இறக்கியது போல நின்றது. துளி தூசி இல்லை. ஹேண்டில் மட்டும் இடது பக்கம் முழுசாகத் திரும்பியிருந்தது.

அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சட்டென்று போய் நேராக்கினார்.

"யார் ஓட்டின வண்டிங்க?"

"என் பையன்."

"இப்ப ஓட்டறதில்லையா?"

"இல்ல."

சாவியை என் கையில் வைத்தவர், கையை விடவில்லை.

"இப்படியே ஓட்டுங்க தம்பி. எதையும் கழட்ட வேணாம்."

நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். எனக்குப் பின்னால் ரெமி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்புக்காக நான் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பேன்.

பிளாஸ்டிக்கைக் கழற்றிய அன்றே முதல் சங்கடம் வந்தது.

"மச்சான், இங்க லைட்ட காட்டு."

முன்மூடியைத் தாங்குகிற இரும்புக் காதுகளைத்தான் நாங்கள் அறுக்கவிருந்தோம். அவை ஏற்கெனவே அறுபட்டிருந்தன. அறுத்ததை யாரோ அழகாக வெல்டு வைத்து, ராவி, பெயிண்ட் அடித்திருந்தார்கள். சட்டத்தின் வால் பக்கமும் அப்படித்தான். நான் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டுப் பார்க்கிறேன்... என் கோட்டுக்கு நேர் கீழே பழைய வெட்டு.

அப்புறம் ஹேண்டில் உட்காருகிற மேல்தகடு. ஓட்டை போட அட்டையில் அளவு வெட்டி அதன் மேல் வைத்தேன். அட்டை ஓட்டைக்குள் வட்டமாக ஏதோ தெரிந்தது. சுரண்டினேன். அடைத்து மறைத்த ஓட்டை. இரண்டு. மயிரிழை பிசகாமல் என் அளவு.

"யாரோ இத முன்னாடியே ஸ்ட்ரீட்ஃபைட்டரா பண்ணியிருக்கான் மச்சான். அப்புறம் யாரோ அத மறுபடி பழையபடி ஆக்கியிருக்கான்."

"யாருக்குடா அவ்ளோ வேலை வெட்டி இல்லாம போச்சு?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்வி என்னோடு படுக்கை வரைக்கும் வந்தது. பத்து வெட்டுக்குப் பத்து வெல்டு வைத்து, நடந்ததை நடக்காததாக ஆக்கப் பார்த்திருக்கிறார் யாரோ ஒருவர்.

குளிர்காலம் முழுக்க வேலை நடந்தது. ஹேண்டில் சேற்றில் ஓட்டுகிற பைக் ஒன்றிலிருந்து கழற்றியது. விளக்கு ரெமியின் நண்பன் கொடுத்தது. பிரேக் குழாய் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. பாக்கி ஆக்ஸிலேட்டர் கேபிள் ஒன்றுதான். ஹேண்டில் உயரமாகிவிட்டதே, எட்டுமா என்று பார்த்தோம். இழுத்துப் பிடித்தால் எட்டியது.

"நீளமா புதுசு ஒண்ணு வாங்கிடலாமா மச்சான்?"

"பழசே எட்டுதுல்ல? பின்ன புதுசு எதுக்கு?" என்றேன்.

இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் ஹேண்டில் விஷயம். ராத்திரி ஷெட்டைப் பூட்டும்போது நேராக இருக்கும். மறுநாள் பார்த்தால் இடது பக்கம் திரும்பியிருக்கும். முழுசாக. முன்சக்கரத்தின் கீழே பழைய கம்பளத் துண்டு ஒன்று போட்டிருந்தோம். அது சுருண்டு முறுக்கிக் கிடக்கும்.

"மாப்ள, ராத்திரி ஏறி உக்காந்து வண்டி ஓட்டறியா? புர்ர்ர்னு வாயாலயே?"

"நீதான் மச்சான். வயசான காலத்துல ஆசை."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் திருப்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் திருப்பவில்லை என்று அவனுக்கும் தெரிந்திருக்கும்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் பீன்ஸும் கருப்பு ரொட்டியும். மணி ஆறு பத்து. வெளியே நல்ல இருட்டு. நான், டெனிஸ், ரெமி, மூன்று பேரும் மேஜையில். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஷெட்.

டக்.

மூன்று பேரும் கரண்டியை நிறுத்தினோம்.

...டக்.

ஹேண்டிலை முழுசாகத் திருப்பினால் இரும்பில் இரும்பு முட்டும் சத்தம். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா? வண்டியில் ஏறி உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பது போல.

டக்... டக்...

"எலி" என்றேன்.

பீன்ஸ் ஆறிப்போனது.

அன்றிரவு டெனிஸ் இருட்டில் என்னிடம் பேசினாள். "அது என்னமோ எனக்குச் சரியா படல நார்ம். வித்துடு." எழுந்து உட்கார்ந்தாள். பிறகு அழுதுகொண்டே சொன்னாள்: "வேணாம். அவன் இப்பல்லாம் எழுந்து ஷேவ் பண்றான். பசிக்குதுங்கறான். அந்த வண்டியில பேயே இருந்தாலும் இருந்துட்டு போகட்டும். நீ அத ஓட வெச்சுக் குடு. போதும்."

அவளுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. கூடப் பிறந்தது இவன் ஒருத்தன்தான்.

ஏப்ரல் வந்தது. குளிர்காலத்தில் வண்டிகள் வழுக்காமலிருக்க நகரசபை ஆட்கள் நாங்களே ரோட்டில் கொட்டிய மணலை நாங்களே கூட்டி எடுத்தோம். மணல் போனால்தான் எங்கள் ஊரில் பைக்குகள் வெளியே வரும். ஞாயிறு காலை முதல் ஓட்டம் என்று ரெமி நாள் குறித்துவிட்டான். தெருமுனை வரை போய், அங்கே இடது பக்கம் வளைத்துத் திரும்பி, வீட்டு வாசலுக்கு வர வேண்டும். அக்கா படம் எடுக்க வேண்டும். எல்லாம் அவன் உத்தரவு.

சனிக்கிழமை சாயங்காலம். ரெமியும் டெனிஸும் கடைக்குப் போயிருந்தார்கள். பனியும் மழையும் கலந்து தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஷெட் கதவைப் பாதி தூக்கிவிட்டு எஞ்சினைப் போட்டேன். ஒரே அமுக்கில் பிடித்துக்கொண்டது. வண்டி பின் ஸ்டாண்டில், பின்சக்கரம் தரையில் படாமல். கியர் இல்லை. ஹேண்டில் நேராக. எஞ்சின் மெதுவாக, சீராக, செல்லமாக உறுமியது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஸ்க்ரூ டிரைவர் எடுக்க மேஜைப் பக்கம் திரும்பினேன்.

பின்னால் எஞ்சின் சத்தம் கொஞ்சம் ஏறியது.

நின்றேன்.

இன்னும் ஏறியது...

திரும்பிப் பார்த்தேன். ஹேண்டில் இடது பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. மெதுவாக. யாரோ நிதானமாக ஒரு வளைவில் திருப்புவது போல. அது திரும்பத் திரும்ப எஞ்சின் கத்தியது.

டக்.

எஞ்சின் அலறியது. ஷெட்டே அதிர்ந்தது. ஆணியில் தொங்கிய சாமான்கள் கீழே விழுந்தன.

ஆக்ஸிலேட்டரை முறுக்க அங்கே கையே இல்லை.

ஓடிப்போய் சாவியைத் திருகினேன். எஞ்சின் செத்தது. மழைச் சத்தம் மட்டும்.

அப்போதுதான் சீட்டைப் பார்த்தேன்.

சீட் இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது. பின் ஸ்பிரிங் அமுங்கியிருந்தது.

ஆள் உட்கார்ந்தால் மட்டும்தான் அது அமுங்கும்.

நான் மூச்சு விடவில்லை.

சீட்... மெல்ல... மேலே எழும்பியது.

யாரோ இறங்கிவிட்டார்கள்.

அப்படியே ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன். ஷெட்டில் விரல் விறைக்கிற குளிர். கைப்பிடி மட்டும் வெதுவெதுவென்று இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ... பிடித்த பிடியில் ஹேண்டிலை நேராக்கினேன். மறுபடி இடது பக்கம் திருப்பினேன். என் கண் கேபிள் மேல் விழுந்தது. நேராக இருக்கும்போது எட்டுகிற கேபிள், இடது பக்கம் முழுசாகத் திருப்பினால் எட்டவில்லை. வில் நாண் போல விறைத்தது. விறைத்து, உள்ளே ஆக்ஸிலேட்டரைத் தானே இழுத்துத் திறந்தது.

நாளைக்குக் காலையில் ரெமி தெருமுனையில் இடது பக்கம் திருப்பியிருப்பான்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ரெமி கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தான். "என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"ஆமாண்டா" என்றேன். "நல்லவேளை அறைஞ்சுது."

முதல் ஓட்டத்தைத் தள்ளிப்போட்டோம். புதுக் கேபிள் வர வேண்டும். நடுவில் ஒரு நாள் நான் மட்டும் சபாட்டஸ் போனேன். லவோயி வாசலில் நின்றிருந்தார். வண்டியைக் கழற்றிவிட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"ஹேண்டில் திரும்புதா?" என்றார்.

"ம்."

"எந்தப் பக்கம்?"

"இடது."

அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "இங்கயும் அப்படித்தான். ஆறு வருஷமா. நான் நேராக்கி வெப்பேன். மறுநாள் போனா இடது பக்கம்."

பிறகு மெதுவாகச் சொன்னார். மகன் பெயர் கில். வேலை போய் வீட்டில் இருந்தான். இதே வண்டியை ஒரு குளிர்காலம் முழுக்க அவர் ஷெட்டில் ஸ்ட்ரீட்ஃபைட்டராக மாற்றினான். ஏப்ரலில் முதல் ஓட்டம். அன்றைக்குக் காலையில்தான் அவர் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தார். வேலை தேடாம இந்த இரும்பக் கட்டிக்கிட்டு அழு, உன்னால ஒரு பைசா பிரயோஜனம் உண்டா என்று.

"சாயங்காலம் ஓட்டிக்கிட்டுப் போனான். திரும்பி வர்றப்ப அதோ அந்த வளைவுல இடது பக்கம் திரும்பினான். மெதுவாத்தான் திரும்பினான். திடீர்னு எஞ்சின் அலறுச்சு. நேரா போய் எதிர்ப்பக்கத்துக் கல் சுவர்ல... நான் இங்கதான் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். வண்டி மட்டும் ஓரத்துல மிச்சமிருந்த பனிக்குவியல்ல சரிஞ்சுச்சு. அதுக்கு நாலு கீறல், அவ்வளவுதான்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சத்தம் கேட்டவங்க எல்லாரும் சொன்னாங்க, அவனேதான் முறுக்கிக்கிட்டு சுவர்ல போய் மோதினான்னு. நானும் கேட்டேனே அந்தச் சத்தத்த. என் பேச்சு தாங்காமத்தான் போயிட்டான்."

அதனால்தான் அவன் வெட்டியதை எல்லாம் அவர் ஒட்டினார். அவன் போட்ட ஓட்டையை எல்லாம் அடைத்தார். அவன் அந்த வண்டியைத் தொடவே இல்லை என்பது போல.

நான் கேபிளைப் பற்றிச் சொன்னேன்.

அவர் வெல்டர். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"புதுசு வாங்கறேன்ப்பான்னான். பழசே எட்டுதுல்ல, பின்ன புதுசு எதுக்குன்னு... நான்தான் சொன்னேன்."

ஒரு எழுத்து மாறாமல் என் வார்த்தை.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். புதுக் கேபிள் வந்திருந்தது. நாங்கள் இன்னும் மாட்டவில்லை. அவர் கேட்டுக்கொண்டதால் பழசையே விட்டு வைத்திருந்தோம். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சினைப் போட்டார். ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு, இடது கையால் மட்டும் ஹேண்டிலைத் திருப்பினார்.

எஞ்சின் அலறியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். பிறகு அணைத்தார்.

"அப்போ அவன் முறுக்கல."

"இல்லைங்க."

"என் மேல இருந்த கோவத்துல போகல."

"இல்லவே இல்லைங்க."

"தப்பு என்னோடதுன்னா பரவால்ல தம்பி. அத நான் சுமந்துப்பேன். அவன் திரும்பி வீட்டுக்கு வரத்தான் பாத்தான். அது போதும் எனக்கு." அந்தக் கிழவர் வாய்விட்டு அழுதார். வாசற்படியில் நின்ற டெனிஸும் அழுதாள். அம்மாவின் அடக்கத்தில் அழாத ரெமி, சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

லவோயி இறங்கினார்.

சீட் எழும்பவில்லை.

நான் பார்த்தேன். ரெமியும் பார்த்தான். அவர் இறங்கி நிற்கிறார், சீட் அமுங்கியே இருக்கிறது. அவரும் பார்த்தார். பயப்படவில்லை. காலியான சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"வா கில்" என்றார். "வீட்டுக்குப் போலாம்."

சீட் மெல்ல எழும்பியது.

புதுக் கேபிளை அவரேதான் மாட்டினார். ரெமி தெருமுனை வரை போய், இடது பக்கம் வளைத்துத் திரும்பினான். அந்த ஒரு வளைவு முடிகிற வரைக்கும் லவோயி என் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். ரெமி வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவன் சுவரில் மோதியிருந்தால் நாங்கள் என்ன நினைத்திருப்போம்? கேபிளை யாரும் பார்த்திருக்க மாட்டோம். மாத்திரைகளைக் கைப்பையில் தூக்கிக்கொண்டு அலைந்த டெனிஸ், சாகிற வரைக்கும் தம்பி வேண்டுமென்றேதான் போனான் என்று நம்பியிருப்பாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. லவோயி தன் காரில் ஏறினார். பெல்ட் போட்டார். வண்டியைக் கிளப்பினார்.

டிங்... டிங்... டிங்...

"என்ன மச்சான், அவர்தான் பெல்ட் போட்டுட்டாரே?" என்றான் ரெமி.

டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி அது. அந்த சீட்டில் யாருமில்லை. ஒரு பை கூட இல்லை. கார் உள்விளக்கு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது.

லவோயி கொஞ்ச நேரம் அந்த சீட்டையே பார்த்தார். பிறகு குனிந்து, எட்டி, அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்து மாட்டினார். சின்னப் பிள்ளைக்கு மாட்டிவிடுவது போல, முறுக்கில்லாமல் தடவிச் சரி பண்ணி மாட்டினார்.

மணி நின்றது.

கார் மெதுவாகப் போனது. அதற்குப் பிறகு இன்று வரைக்கும் எங்கள் ஷெட்டில் ஹேண்டில் நேராகத்தான் நிற்கிறது.